திணிக்கப்படும் நுண்ணறிவும் மறுக்கும் உரிமையும்

கணினிப் பாவனையாளர் மத்தியிலே செயற்கை நுண்ணறிவுக்கு எதிராக அண்மைக்காலத்தில் மூண்டெழுந்துள்ள வெறுப்பைப் பழமைவாதிகளின் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவது எமது அறிவாளர் சிலருக்கு வசதியாகப் போய்விட்டது. புகைவண்டி வந்தபோதும் இப்படித்தான் அஞ்சினார்கள், அச்சு வந்தபோதும் ஏடெழுதுவோர் இப்படித்தான் அழுதார்கள் என்று இரண்டு உவமைகளைக் கூறிவிட்டால் விவாதம் முடிந்துவிட்டதென அவர்கள் கருதுகின்றனர். உவமை நியாயமாகிவிடாது. புகைவண்டி எவருடைய வீட்டு முற்றத்திலும் தானாக வந்து நின்று, ஏறாவிட்டாலும் பயணச்சீட்டுக்குப் பணந்தா என்று கேட்கவில்லை. இன்று கணினித்துறையிலே நடைபெறுவது ஏறத்தாழ அதுவே. எனவே எதிர்ப்போர் எதை எதிர்க்கின்றனர் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. இயந்திரம் கெட்டிக்காரத்தனமானதா, மக்குத்தனமானதா என்பது அவர்களுடைய முதற் கேள்வியன்று. தம்முடைய மேசையிலிருக்கும் கருவி யாருடைய சொற்கேட்டு நடக்கிறது என்பதே அவர்கள் எழுப்பும் கேள்வி.

நடந்தவற்றைச் சற்று ஒழுங்காக நோக்குவோம். 2023 இல் மைக்ரோசொப்ட் கம்பனி தனது வின்டோஸ் பணிசெயல் முறைமையினுள் ‘கோபைலட்’ என்னும் உதவியாளனைக் குடியிருத்தியது. 2024 ஜனவரியில் விசைப்பலகையிலேயே அதற்கென ஒரு விசை ஒதுக்கப்படுமென அறிவித்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகளில் வின்டோஸ் விசைப்பலகையில் நிகழ்ந்த முதற் பெரும் மாற்றம் இதுவென அக்கம்பனியே பெருமையோடு கூறிக்கொண்டது. விசைப்பலகையிலே ஓர் எழுத்துக்கு இடம் வேண்டித் தமிழறிஞர்கள் பட்டபாட்டை அறிந்தவர்களுக்கு இது எத்துணைப் பெரிய நிலப்பறிப்பு என்பது விளங்கும். பின்னர் ஓவியம் தீட்டும் செயலிக்குள்ளும், வெறும் எழுத்துக்களைத் தவிர வேறெதையும் அறியாதிருந்த நோட்பேட் என்னும் எளிய செயலிக்குள்ளும் அது புகுந்தது. கூகிள் தேடலின் உச்சியிலே 2024 மே மாதம் முதல் இயந்திரம் எழுதிய பொழிப்புரை அமரலாயிற்று. பாற்கட்டி வழுக்காதிருக்கப் பீட்சாவில் பசை பூசுமாறு அது ஆலோசனை வழங்கிய கதையை உலகமே அறியும். வட்ஸ்அப்பில் தோன்றிய நீல வளையத்தை அகற்ற வழியில்லையென்று கண்ட பாவனையாளர் பல நாடுகளில் முறைப்பட்டனர். 2025 ஜூலையில் இத்தாலியின் போட்டிச்சந்தை அதிகாரசபை அது தொடர்பாக விசாரணையொன்றைத் தொடங்கியது.

இவற்றுள் எதுவும் தனியே பார்க்கும்போது பெருங் குற்றமாகத் தோன்றாதிருக்கலாம். எல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கும் முறைதான் கவனத்துக்குரியது. வேண்டுமென்போருக்கு ஒரு பொருளை வழங்குவது வணிகம். வேண்டாமென்போரின் மேசையிலும் வைத்துவிட்டு, அகற்றும் வழியை ஏழு கதவுகளுக்கு அப்பால் ஒளித்துவைப்பதை வணிகம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இம்முறையின் உள்ளியல்பை ‘ரீகோல்’ விவகாரம் போலத் துலாம்பரமாகக் காட்டியது பிறிதொன்றில்லை. 2024 மே 20 ஆந் திகதி மைக்ரோசொப்ட் இதனை அறிமுகப்படுத்தியது. கணினித் திரையிலே தோன்றுவனவற்றைச் சில வினாடிகளுக்கொரு தடவை படம்பிடித்து, அப்படங்களிலுள்ள எழுத்துக்களை வாசித்து, ஒரு தரவுத்தளத்தில் சேமித்து வைத்தல் அதன் வேலை. மூன்று மாதங்களுக்கு முன்னர் பார்த்த ஒன்றைப் பாவனையாளர் மறந்திருந்தாலும் இயந்திரம் நினைவூட்டும் என்பது விளம்பரம். எழுதி அழித்த கடிதம், வாசித்து மூடிய மருத்துவ அறிக்கை, நண்பனொருவன் நம்பிக்கையோடு அனுப்பிய செய்தி ஆகிய யாவும் அந்நினைவுக்குள் அடங்கும். சேமிப்பு பாவனையாளருடைய கணினியிலேயே இருக்கும், வெளியே செல்லாது என்று கம்பனி உறுதியளித்தது. ஆனால் பாதுகாப்பு ஆய்வாளர்கள் முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தபோது, கணினி இயங்கிக்கொண்டிருக்கையில் அத்தரவுத்தளம் எவரும் வாசிக்கக்கூடிய வெற்றெழுத்தாகவே கிடப்பதைக் கண்டனர். கணினிக்குள் நுழையும் திருடன் அதுவரை வீடு முழுவதும் தேட வேண்டியிருந்தது. இப்பொழுது வீட்டுக்காரரே எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி அட்டவணையும் எழுதி வைத்திருக்கிறார்.

எதிர்ப்பு எழுந்த மூன்று வாரங்களுக்குள்ளேயே, பாவனையாளர் தாமாக விரும்பித் திறந்தாலன்றி ரீகோல் இயங்காது என்று கம்பனி பின்வாங்கியது, வெளியீடும் ஒத்திவைக்கப்பட்டது. பலத்த திருத்தங்களுடன் 2025 ஏப்பிரலில் அது வெளிவந்தது. இங்கே இரண்டு உண்மைகள் மனங்கொளத்தக்கன. முதலாவது, முன்கூட்டியே சம்மதம் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் அக்கம்பனிக்குத் தானாகத் தோன்றவில்லை. கூச்சலெழுந்த பின்னரே தோன்றியது. இரண்டாவது, 2025 மே மாதத்தில் சிக்னல் என்னும் செய்திச் செயலியை ஆக்கியோர் தமது பாவனையாளரின் உரையாடல்களை ரீகோலிடமிருந்து காப்பதற்கு ஒரு விசித்திரமான வழியைக் கையாள வேண்டியிருந்தது. திரைப்படக் கம்பனிகளின் சொத்தை யாரும் பிரதிசெய்யாமற் காப்பதற்காக வின்டோஸினுள் அமைக்கப்பட்ட பூட்டு ஒன்றுண்டு. அந்தப் பூட்டை இரவல் வாங்கித்தான் மனிதருடைய கடிதங்களைப் பூட்ட முடிந்தது. படமுதலாளியின் பண்டத்துக்குப் பாதுகாப்பு முன்னரே சிந்திக்கப்பட்டிருந்தது. சாதாரண மனிதனின் அந்தரங்கத்துக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் செயலி எழுதுவோரின் கைக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை. யாருடைய நலனுக்காக இக்கருவி படைக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அடுத்து, பணத்தின் கதை. மைக்ரோசொப்ட் 365 என்னும் அலுவலகச் செயலித் தொகுதிக்கு அவுஸ்திரேலியாவில் ஆண்டுச் சந்தா செலுத்தி வந்தோருக்கு, கோபைலட் சேர்க்கப்பட்டுவிட்டதாகவும் ஆகவே கட்டணம் உயர்கிறதென்றும் அறிவித்தல் வந்தது. தனியாள் சந்தா 109 அவுஸ்திரேலிய டொலரிலிருந்து 159 டொலராகவும், குடும்பச் சந்தா 139 இலிருந்து 179 ஆகவும் ஏறின. முன்னையது 45 சதவீத உயர்வு. கூடிய பணத்தைக் கட்டு, அல்லது சந்தாவை நிறுத்து என்னும் இரண்டு வழிகளே அறிவித்தலிற் காணப்பட்டன. உண்மையில் மூன்றாவது வழியொன்றும் இருந்தது: கோபைலட் இல்லாத பழைய தொகுதியைப் பழைய விலைக்கே தொடரலாம். சந்தாவை நிறுத்துவதற்கான படிகளில் ஏறத் தொடங்கியவனுக்கு மாத்திரமே அவ்வழி கண்ணிற்பட்டது. ஏறத்தாழ 27 இலட்சம் வாடிக்கையாளர் இவ்வாறு தவறாக வழிநடத்தப்பட்டனர் என்று குற்றஞ்சாட்டி, அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு 2025 ஒக்டோபர் 27 இல் வழக்குத் தொடர்ந்தது. அடுத்த மாதமே கம்பனி மன்னிப்புக் கோரியதுடன், பழைய தொகுதிக்குத் திரும்புவோருக்குப் பணத்தை மீளளிக்கவும் முன்வந்தது.

நல்ல பொருளை ஒளித்துவிற்க வேண்டியதில்லை. தன் உதவியாளன் அவ்வளவு பயனுள்ளவனாயின் 50 டொலர் கொடுத்து அவனை வாங்க மக்கள் வரிசையில் நின்றிருப்பர். அவன் இல்லாத தொகுதியை மறைத்துவைக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? இவ்விடத்திற்றான் பொருளாதார அடித்தளத்தை நோக்க வேண்டியவர்களாகிறோம். 2025 ஜூனில் முடிவுற்ற நிதியாண்டில் மாத்திரம் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்களில் ஏறத்தாழ 8000 கோடி அமெரிக்க டொலரை முதலிடப்போவதாக மைக்ரோசொப்ட் அறிவித்திருந்தது. இத்துணைப் பெருந்தொகை மண்ணிலே புதைக்கப்பட்ட பின்னர், அதனால் விளைந்த பண்டத்தை மக்கள் உபயோகிக்கின்றனர் என்று பங்குதாரருக்குக் காட்டியே ஆகவேண்டும். தேவை தோன்றி அதற்கேற்ப உற்பத்தி எழுவதாகப் பாடநூல்கள் கூறும். இங்கே உற்பத்தி முன்னரே நடந்துவிட்டது. தேவையைத்தான் இனிமேல் உற்பத்திசெய்ய வேண்டும். விசைப்பலகையில் முளைத்த விசையும், திரையில் முளைத்த வளையமும், ஒளிந்துகிடந்த மூன்றாவது வழியும் அவ்வுற்பத்தியின் கருவிகள். 2025 நவம்பரில் வின்டோஸ் பிரிவின் தலைவர் பவன் தாவுலூரி, தமது பணிசெயல் முறைமை பாவனையாளருக்காகத் தானே காரியமாற்றும் ‘முகவர்’ முறைமையாக வளர்கின்றது எனப் பகிரங்கமாக அறிவித்தபோது எழுந்த கண்டனத்தின் கடுமையும் இதனாலேயே. இதை யார் கேட்டார்கள் என்பதே மீண்டும் மீண்டும் எழுந்த வினா.

எதிர்ப்போரை ‘லடைற்றுகள்’ என்று ஏளனஞ் செய்வது இன்று நாகரிகமாகிவிட்டது. ஏளனஞ் செய்வோர் வரலாற்றைப் படித்திருந்தால் அச்சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு கையாண்டிருப்பர். 1811 இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம்சயரிலே தறிகளை உடைக்கத் தொடங்கிய நெசவாளர் இயந்திரத்தைக் கண்டு மிரண்ட பட்டிக்காட்டாரல்லர். தலைமுறை தலைமுறையாகப் பின்னல் இயந்திரங்களோடு வாழ்ந்த தேர்ந்த கைவினைஞர் அவர்கள். கூலியைக் குறைக்கவும், பயிற்சியற்றோரைக் கொண்டு மட்டமான துணி நெய்யவும் பயன்படுத்தப்பட்ட தறிகளையே அவர்கள் தெரிந்தெடுத்து உடைத்தனர். நியாயமான கூலி வழங்கியோரின் தறிகளைத் தொடாது விட்ட சம்பவங்களும் உண்டு. தறியுடைத்தலுக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் 1812 இல் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசியவர் கவிஞர் பைரன். அச்சபையில் அவரது கன்னிப்பேச்சு அதுவேயாம். கருவி யாருடைய கையில், யாருடைய நிபந்தனையில் என்பதே அன்றைய வழக்கு. இன்றைய வழக்கும் பெரும்பாலும் அதுவே. ஆகவே லடைற்று என்று ஒருவரை ஏசுபவர், தாமறியாமலே அவருக்கு மரியாதை செய்கிறார்.

இனி, விருப்பமில்லையேல் அணைத்துவிடலாமே என்னும் வாதம். மேலோட்டமாக இது நியாயமாகவே படுகிறது. ஆனால் அணைக்கும் வசதி பாவனையாளரின் உரிமையாக அங்கே இல்லை. கம்பனியின் தயவாக இருக்கிறது. இன்று கொடுத்ததை அடுத்த இற்றைப்படுத்தலில் அது மீளப்பெறலாம்; கேட்பதற்கு நாதியில்லை. இச்செயலிகள் திரையிலே தோற்றுவிக்கும் வினாப்பெட்டிகளின் மொழியை இலக்கிய மாணவர் எவரேனும் ஆராய்ந்தால் சுவையான கட்டுரையொன்று கிடைக்கும். ‘ஆம்’ என்பதற்கு எதிராக ‘இல்லை’ என்னும் சொல் அங்கே அருகிவிட்டது. ‘இப்போதைக்கு வேண்டாம்’, ‘பிறகு பார்க்கலாம்’ என்பனவே எஞ்சியுள்ளன. பெண்கேட்டு வந்தவன், மறுப்பைக் காதில் வாங்காமல், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதை ஒத்த நிலைமை இது. மறுப்புக்குச் சொல்லே இல்லாத ஓர் உரையாடலில் சம்மதத்துக்கும் பொருளில்லை.

இந்நிலையிலேதான் பலர் திறந்த மூல மென்பொருளை நாடிச் செல்கின்றனர். இங்கே வரலாற்றின் விளையாட்டு ஒன்றுண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொட்டில் வேறெங்குமில்லை, மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடமே. அங்கு பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், செரொக்ஸ் அச்சுப்பொறியொன்றின் கோளாறைத் திருத்துதற்கு வேண்டிய மூலநிரல் தமக்கு மறுக்கப்பட்டதனால் வெகுண்டவர். 1983 செப்ரெம்பரில் அவர் அறிவித்த ‘குனு’ திட்டமும், 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்தே இன்றைய முறைமை உருவாயிற்று. எந்நோக்கத்துக்காகவும் இயக்குதல், எவ்வாறு இயங்குகிறதென்று ஆராய்ந்து மாற்றுதல், பிறர்க்குப் பிரதி வழங்குதல், மாற்றியதையும் பகிர்தல் என்னும் நான்கு சுதந்திரங்கள் அதன் அடிப்படை. இவற்றுள் இரண்டாவதே எமது விவாதத்துக்கு உயிரானது. நிரலைத் திறந்து பார்க்கவும் வேண்டாத பகுதியை வெட்டியெறியவும் சட்டபூர்வமாக முடியுமாயின், வேண்டாமென்னும் சொல்லுக்கு அங்கே கையும் காலும் உண்டு.

வெளியேற்றத்துக்கு இன்னொரு காரணமும் 2025 இல் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. வின்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணினிகள், நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருந்தபோதும், கைவிடப்பட்டனவாயின. ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் குப்பையாகக்கூடுமென்று கனலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இலேயே மதிப்பிட்டிருந்தது. ஆதரவு முடிவுற்ற அதே நாளில் வெளியான சொரின் என்னும் லினக்ஸ் வழங்கலின் புதிய பதிப்பு, ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 10 இலட்சம் தடவை பதிவிறக்கப்பட்டதாகவும், அவற்றுள் முக்காற்பங்குக்கு மேல் வின்டோஸ் கணினிகளிலிருந்தே நிகழ்ந்தனவாகவும் அதன் ஆக்கியோர் கூறினர்.

இவ்விலக்கங்களைக் கேட்டு ஆர்ப்பரிக்கும் நண்பர்களோடும் எனக்கு வழக்குண்டு. பதிவிறக்கியவரெல்லாம் பாவிப்பவரல்லர். கோபத்தில் ஒருநாள் லினக்ஸை நிறுவி, அச்சுப்பொறி இயங்கவில்லையென்று மறுவாரமே திரும்பியோர் எத்தனை பேர் என்பதை எவரும் எண்ணியதில்லை. மேலும், திறந்த மூலம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டதும் சொர்க்கவாசல் என்று எண்ணுவதும் பேதைமை. பல்லாயிரம் பேர் பொதுநன்மைக்கென எழுதிப் பகிர்ந்த நிரல்களை மேய்ந்துதான் 2021 இல் கிட்ஹப் கோபைலட் கொழுத்தது. பொதுநிலத்தில் விளைந்ததை அறுத்துச் சென்று, அதையே விதைத்தவனுக்குச் சந்தாவாக விற்கும் வணிகம் அது. சுதந்திர வலையின் காவலன் என்று போற்றப்பட்ட பயர்பொக்ஸ் உலாவியும் இதற்கு விலக்காகவில்லை. 2025 டிசெம்பரில் மொசில்லாவின் தலைமைப் பொறுப்பேற்ற புதிய அதிகாரி, பயர்பொக்ஸ் செயற்கை நுண்ணறிவு உலாவியாக வளரும் என்று அறிவித்ததும் அதன் விசுவாசிகளே கொதித்தெழுந்தனர். விளைவாக, அத்தகைய வசதிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் முற்றாக அடைக்கும் ஆளியை 2026 தொடக்கத்தில் அவ்வுலாவியில் வைக்கவேண்டியதாயிற்று.

ஆயின் இவ்விரண்டு முகாம்களும் ஒன்றே என்று முடிவுசெய்தலும் தவறு. பயர்பொக்ஸ் நிரலை எடுத்து, வேண்டாதவற்றை நீக்கி, வேறு பெயரில் வெளியிடும் குழுக்கள் முன்னரே உள்ளன. மொசில்லா அதை நன்கறியும். நிரல் களஞ்சியங்களிற் கோபைலட்டைத் திணிக்கும் முயற்சிகள் தொடர்ந்தமையால், ஜென்டூ என்னும் லினக்ஸ் திட்டத்தினர் கிட்ஹப்பை விட்டு, இலாபநோக்கற்ற கோட்பெர்க்குக்கு மாறத் தீர்மானித்தனர். அங்கே கோபமுற்றவனுக்குப் போகும் வழியும், போகும்போது தன் பொருளை எடுத்துச் செல்லும் உரிமையும் உண்டு. ஏகபோகத்தின் கீழிருப்பவனுக்குக் கோபம் மாத்திரமே உண்டு.

தனிமனிதரின் வெளியேற்றத்தைவிட நிறுவனங்களின் அனுபவமே எமக்குக் கூடிய பாடந்தரவல்லது. ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை 2003 இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. அம்முடிவைத் தடுப்பதற்கு மைக்ரோசொப்ட்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் போமர் நேரிலேயே அந்நகருக்கு வந்தார். பத்தாண்டு உழைப்பின் பின்னர் 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டிருந்தன. ஆனால் வின்டோஸை நம்பிய சிறப்புச் செயலிகள் பல எஞ்சின. ஊழியரின் முறைப்பாடுகள் குவிந்தன. நகரத் தலைமையும் மாறிற்று. 2017 இல் மீண்டும் வின்டோஸுக்குத் திரும்பச் சபை வாக்களித்தது. தொழினுட்பம் தோற்றதென்று இதைக் கொள்ளவியலாது. ஒரு நகரம் தனியே நின்றது. அரசியல் விருப்பு வற்றியதும் அந்நிலை குலைந்தது. அதே நாட்டின் சிலெஸ்விக்-ஹொல்ஸ்ரைன் மாநிலம் 2024 ஏப்பிரலில் ஏறத்தாழ 30,000 அரச கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்ற முடிவுசெய்தது. 2025 ஒக்டோபரில் 40,000 க்கு மேற்பட்ட மின்னஞ்சற் கணக்குகளைத் திறந்த மூல முறைமைக்கு மாற்றி முடித்தது. இங்கும் ஊழியர் முணுமுணுத்தனர், தாமதங்கள் நேர்ந்தன. மாற்றம் நோவில்லாதது என்று எவரேனும் கூறினால் அவர் எதையோ விற்கவந்தவர் என்று கொள்க.

இனி எமது பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். உரிமமற்ற பிரதிகளைக் காலங்காலமாக உபயோகித்துவந்த சமூகம் எம்முடையது. இலவசமாகக் கிடைக்கும்போது எது நிறுவனத்துடையது, எது பொதுவுடைமை என்று நாம் பிரித்தறிய முயன்றதில்லை. திருட்டுப் பிரதியும் ஏகபோகத்துக்குச் செய்யும் ஊழியமே, கையைப் பழக்கிவிடுகிறதல்லவா? எழுத்து வடிவத்தில் சிறைப்படுவது யாதென்று அறிய எமக்கு ஜேர்மனிக்குச் செல்லவேண்டியதுமில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகளும் நூல்களும் இந்நாட்டில் எத்தனை கணினிகளிற் கிடக்கின்றன! அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கல். தேடினால் ஒரு தமிழ்ச் சொல்லும் அகப்படாது. ஒருங்குறிக்கு மாறுவதற்கு நாம் பட்ட, இன்னும் படுகின்ற சிரமம், பொதுநியமத்தை முதலிலேயே கைக்கொள்ளாததன் வட்டி.

இவையெல்லாம் வசதியீனங்கள், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கமுடியாதது வேறொன்றுண்டு. எமது சமூகவியல், வரலாற்றுத்துறை மாணவர் வன்னியிலும் கிழக்கிலும் சென்று, போரிலே உறவுகளைத் தொலைத்தோரிடம் வாய்மொழிச் சான்றுகளைச் சேகரிக்கின்றனர். பெயரை வெளியிடமாட்டோம், உங்கள் சொற்கள் எம்மிடமே இருக்கும் என்று வாக்களித்த பின்னரே அத்தாய்மார் வாய்திறக்கின்றனர். அவ்வாக்கைக் கொடுக்கும் மாணவன், தான் அச்சான்றைத் தட்டச்சிடும் செயலி எதை வாசிக்கிறது, பொழிப்புரை கேட்டு ஒரு பொத்தானைத் தொட்டால் அப்பக்கங்கள் எந்த நாட்டின் எந்தக் களஞ்சியத்துக்குச் செல்கின்றன என்பதை அறிவானா? ரீகோல் இயங்கத்தக்க விலையுயர்ந்த கணினிகள் இன்று எம் மாணவரிடையே அருமை என்பது உண்மைதான். ஆயினும் கருவி தன் சொற்கேளாத இடத்தில் அவன் கொடுத்த வாக்கைக் காப்பது அவன் கையில் இல்லை. ஆய்வு ஒழுக்கவியல் குழுக்கள் சம்மதப் படிவத்தை வரிவரியாக வாசிக்கின்றன. அப்படிவத்தைச் சேமிக்கும் மென்பொருளைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்பதில்லை.

இன்னொரு வகையிலும் எமக்கு நட்டம். இம்மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களில் ஊறியவை. தமிழ்ச் சொல்லொன்றை அவை பல சிறு துண்டுகளாக உடைத்தே கையாள்கின்றன. அதனால் அதே பொருளைத் தமிழிற் கூறக் கூடிய கணிப்பும் கூடிய செலவும் ஆகின்றன. ஆங்கிலத்தில் எழுதுவோரே வேண்டாமெனத் தள்ளும் உதவியாளனுக்கு, அவனிடம் அரைகுறைத் தமிழே கேட்கும் நாமும் அதே சந்தாவைக் கட்டவேண்டுமாம்.

எமக்கு ஆற்றலில்லையே என்று கைவிரிப்போருக்கு இந்நாட்டு வரலாறே பதில் கூறும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரைப் பதியவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களுள் எழுதிய ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருள், 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெயிட்டிப் பூகம்பத்திலும் உபயோகமாயிற்று. திறந்த மூலத் திட்டங்களில் மாணவரை ஈடுபடுத்துதற்கென கூகிள் நடத்திய கோடைகாலத் திட்டத்தின் முதற் பத்தாண்டில், பங்குபற்றிய மாணவர் தொகையில் உலகிலேயே முதலிடம் பெற்றது மொரட்டுவைப் பல்கலைக்கழகம். உலகுக்குக் கட்டற்ற மென்பொருள் எழுதிக்கொடுக்கும் மாணவரை உருவாக்கும் நாட்டில், கலைப்பீடத்தின் ஆய்வேடு ஒரு பல்தேசியக் கம்பனியின் கோப்பு வடிவில் மாத்திரமே ஏற்கப்படும் என்பது விந்தையல்லவா?

ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கியெறியுமாறு நான் கோரவில்லை. மியூனிக்கின் கதை நினைவிலிருக்கிறது. ஆய்வேடுகளையும் பரீட்சை ஆவணங்களையும் 2006 முதல் சர்வதேச நியமமாக உள்ள திறந்த ஆவண வடிவில் ஏற்கலாம். இதற்குச் சதமும் செலவில்லை, மூதவையின் ஒரு தீர்மானம் போதும். வின்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கணினிகளை ஏலத்தில் விற்காது ஓர் ஆய்வுகூடத்தில் லினக்ஸுடன் நிறுத்தலாம். வாய்மொழிச் சான்றுகளைக் கையாளும் மாணவர் அக்கணினிகளிலேயே வேலை செய்யவேண்டுமென விதிக்கலாம். அடுத்த கல்வியாண்டுக்கான கொள்வனவுக் கேள்விப்பத்திரங்கள் பீடங்களில் விரைவில் தயாராகும். முன்னைய ஆண்டுப் பத்திரத்தில் திகதியை மாத்திரம் மாற்றி ஒப்பமிடுவதற்கு முன்னர், கேட்காமலே வந்துசேரும் செயலிகளை முற்றாக அகற்ற முடியுமா என்னும் வினாவை அதில் ஒரு வரியாகச் சேர்க்குமாறு பீடச்சபையில் எழுந்து கேட்கப்போகும் விரிவுரையாளர் யார்?